பழுது நீங்கியும் வராத அஞ்சல்

ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ரயில் கடந்துபோக அரை நிமிடம் போதும். கேட் மூடிக் கிடப்பது பத்து நிமிடம் இருக்கலாம். ஆனால் கேட்டைத் திறந்த பிறகு அந்தச் சாலை பழைய நிலைக்கு வர அரை மணி நேரம்கூட ஆகிவிடுகிறது. குறுக்கே இப்போது எதுவும் இல்லை. வழி திறந்துதான் இருக்கிறது. பிறகு ஏன் வண்டிகள் இவ்வளவு நேரம் ஊர்கின்றன?

இதே கேள்வியை 2011 அக்டோபரில் பல நாடுகளில் கோடிக்கணக்கானவர்கள் கையில் பிளாக்பெர்ரி கைப்பேசியை வைத்துக்கொண்டு கேட்டார்கள். கேள்வி போய் விழுந்த இடம் அவரவர் அலுவலகத்தின் ஐ.டி. உதவிப் பிரிவு. பழுது அவர்களுடைய இயந்திரத்தில் இல்லை. அதைத் தொட்டுச் சரிசெய்ய அவர்களால் முடியாது. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். மூன்று நாளுக்கு மேல் நீண்ட அந்த நெருக்கடியை அவர்கள் இடத்திலிருந்து பார்த்தால், கணினி வலையமைப்புகள் எப்படி விழுகின்றன, விழுந்தவை ஏன் உடனே எழுவதில்லை என்பது தெளிவாகப் புரியும்.

நடந்தது இது. அக்டோபர் 10, திங்கட்கிழமை, லண்டனில் முற்பகல் நேரம். பிளாக்பெர்ரிகளுக்கு மின்னஞ்சல் வருவது நின்றது. பி.பி.எம். என்ற அதன் செய்திச் சேவையும் இணைய உலாவலும் கூடவே நின்றன. முதலில் ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா. செவ்வாயன்று பிரேசில், சிலி, அர்ஜென்டினாவும் சேர்ந்தன. புதனன்று அமெரிக்காவும் கனடாவும். பிளாக்பெர்ரியைத் தயாரித்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாட்டர்லூ நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. அப்போது அதற்கு உலகெங்கும் ஏறக்குறைய 7 கோடி சந்தாதாரர்கள். 13ஆம் தேதி வியாழக்கிழமைதான் சேவை முழுமையாகத் திரும்பிவிட்டது என்று அறிவித்தார்கள். நிறுவனர் மைக் லசாரிடிஸ் காணொளியில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

காரணம் என்று நிறுவனம் சொன்னது சில வரிகள்தான். வலையமைப்பின் மையப் பகுதியில், தரவை உரிய வழியில் அனுப்பும் ஒரு ஸ்விட்ச் பழுதாகிவிட்டது. அப்படி ஆனால் காப்பு ஸ்விட்ச் தானாகப் பொறுப்பேற்கும்படி அமைத்திருந்தோம், சோதித்தும் பார்த்திருந்தோம். அந்தக் கைமாற்றம் சோதனையில் நடந்ததுபோல் நடக்கவில்லை. அதனால் பெரும் தேக்கம் உண்டாகிவிட்டது, அதைக் கரைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தச் சில வரிகளுக்குள் விளக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஒரு ஸ்விட்ச் பழுதானால் கண்டம் விட்டுக் கண்டம் ஏன் நிற்க வேண்டும்? காப்பு ஏன் கைகொடுக்கவில்லை? ஐரோப்பாவில் தொடங்கியது இரண்டு நாள் கழித்து அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

முதலில் அஞ்சல் போகும் வழியைப் பார்த்துவிடலாம். ஒரு நிறுவனத்தின் ஊழியருக்கு வரும் மின்னஞ்சல் அந்த நிறுவனத்தின் அஞ்சல் சர்வரில் வந்து சேரும். அதன் பக்கத்திலேயே பிளாக்பெர்ரி என்டர்பிரைஸ் சர்வர் என்று இன்னொன்று இருக்கும். அஞ்சல் பெட்டியில் புதிதாக ஏதாவது விழுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. விழுந்ததும் அஞ்சலைச் சுருக்கி, மறையாக்கம் செய்து, 3101 என்ற எண்ணுள்ள போர்ட் வழியாக ரிசர்ச் இன் மோஷன் நடத்திய மையத்துக்கு அனுப்பும். ஒவ்வொரு கைப்பேசிக்கும் எட்டு எழுத்தில் ஒரு பின் எண் உண்டு. அந்த எண்ணுக்குரிய கைப்பேசி இந்த நிமிடம் எந்த நாட்டில், எந்தச் செல்பேசி நிறுவனத்தின் அலைவரிசையில் இருக்கிறது என்பது மையத்துக்குத் தெரியும். அங்கிருந்து செல்பேசி நிறுவனத்துக்கு, அங்கிருந்து கைக்கு. கைப்பேசி பெற்றுக்கொண்டதும் ‘வந்துவிட்டது’ என்று ஓர் ஒப்புகை திரும்பிப் போகும். ஒப்புகை வரும்வரை அனுப்பியவர் பக்கம் அஞ்சலைக் கைவிடுவதில்லை.

நடுவில் எதற்கு இந்த மையம் என்று கேட்கலாம். இந்த அமைப்பு உருவான காலத்தில் கைப்பேசித் தரவு மெதுவானது, விலை கூடியது. கைப்பேசி சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘எனக்கு ஏதாவது வந்ததா’ என்று தானே கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். பிளாக்பெர்ரி கேட்பதில்லை, அது பேசாமல் காத்திருக்கும். வந்தால் மையம் தள்ளிவிடும். இதை உந்தல் முறை என்று சொல்லலாம். பேட்டரி நாள் முழுக்கத் தாங்கியதற்கும், அஞ்சல் நொடிகளில் வந்ததற்கும் இதுவே காரணம். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் குரல் அழைப்புகள் நெரிசலில் சிக்கிக் கிடந்தபோது இந்தச் சிறு கருவிகளில் செய்தி போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கே இவற்றை வழங்கினார்கள். நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்தது. அந்த நம்பிக்கைக்குத் தகுதியான வடிவமைப்புதான் என்பதே என் கருத்து. அஞ்சலின் மறையை மையத்தால்கூடத் திறந்து படிக்க முடியாது என்பதும் அதன் சிறப்புகளில் ஒன்று. ஆனால் படிக்க முடியாத அந்த மையத்தைக் கடக்காமல் ஓர் அஞ்சலும் போக முடியாது.

உந்தல் முறைக்கு ஒரு விலை உண்டு. காத்திருப்பவருக்கு ‘எதுவும் வரவில்லை’ என்பதும் ‘வர வழியில்லை’ என்பதும் ஒரே மௌனமாகத்தான் தெரியும். திங்கட்கிழமை முற்பகல் அரை மணி நேரம் அஞ்சல் வராவிட்டால் பலர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். சந்தேகம் வந்த பிறகு கைப்பேசியில் தேடினால் ஒரு சிறு குறிப்பு கிடைக்கும். திரையின் மேல் ஓரத்தில் வலையமைப்பு வகையின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் மையத்தோடு தொடர்பு இருக்கிறது என்று பொருள். அதே பெயர் சிறிய எழுத்தில் இருந்தால் செல்பேசிக் கோபுரம் வரை தொடர்பு உண்டு, அதற்கு அப்பால் மையம் எட்டவில்லை. ‘எழுத்து பெரிதா சிறிதா?’ என்று உதவிப் பிரிவினர் தொலைபேசியில் கேட்பது விசித்திரமாகத் தோன்றலாம். வலையமைப்பில் எதுவரை உயிர் இருக்கிறது என்பதை அந்த ஒற்றைக் கேள்வி சொல்லிவிடும்.

இங்கேதான் அவர்களுடைய வேலையின் அறிவியல் இருக்கிறது. வாட்டர்லூவிலோ இங்கிலாந்திலோ உள்ள ஓர் அறைக்குள் ஸ்விட்ச் பழுதாகியிருப்பதை மும்பையிலோ துபாயிலோ உட்கார்ந்திருப்பவர் எப்படி அறிவார்? விலக்கி விலக்கித்தான். மேசைக் கணினியில் அதே அஞ்சல் பெட்டியைத் திறந்தால் புது அஞ்சல் இருக்கிறது. ஆகவே அஞ்சல் சர்வர் நலம். அதே பிளாக்பெர்ரியிலிருந்து குரல் அழைப்பு போகிறது, எஸ்.எம்.எஸ். போகிறது, ஆகவே கைப்பேசியும் கோபுரமும் நலம். அலுவலகத்து பிளாக்பெர்ரி சர்வர் ஓடுகிறது, ஆனால் அதில் ‘காத்திருப்பவை’ என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே அது தன் வேலையைச் செய்து அஞ்சலை வாசல்வரை கொண்டுவந்துவிட்டது, வாசலுக்கு வெளியே எடுத்துக்கொள்வார் இல்லை. ஒரே ஒருவருக்கு இப்படி ஆனால் அவர் கணக்கைச் சந்தேகிக்கலாம். எல்லோருக்கும் ஆனால் சர்வரை. வெவ்வேறு செல்பேசி நிறுவனங்களின் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கும், வேறு வேறு அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் ஆனால், எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுவது நடுவில் இருக்கும் மையம் மட்டுமே. யாரும் போய்ப் பார்க்காமலே பழுதின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அது எதைத் தொடுகிறது எதைத் தொடவில்லை என்பதை வைத்தே கண்டறியும் இந்த வாதம் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறைந்ததல்ல.

அடுத்து அந்தக் காப்பு ஸ்விட்ச். காப்பு வைப்பதன் கணக்கு எளிது. ஒரு கருவி பழுதாக நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், அதேபோல இரண்டு வைத்தால் இரண்டும் ஒருசேரப் பழுதாகப் பத்தாயிரத்தில் ஒன்றுதான் வாய்ப்பு. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இரண்டின் பழுதும் ஒன்றையொன்று சாராமல் நேர வேண்டும். இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓடினால், இரண்டுக்கும் ஒரே மின்சாரம் வந்தால், ஒன்றை வீழ்த்திய காரணமே மற்றதையும் வீழ்த்தும். அதோடு, முதலாவது போனதைக் கண்டறிந்து இரண்டாவதிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஏற்பாடு என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்கும் பழுது வரும். அது வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, மிக மோசமான ஒரு நொடியில் வேலை செய்ய வேண்டியது. சோதனைகளைப் பெரும்பாலும் சுமை குறைந்த நேரத்தில், யாருக்கும் இடையூறு வராமல் நடத்துவார்கள். உண்மையான பழுது அப்படி நேரம் பார்த்து வருவதில்லை.

இது அந்த நிறுவனத்துக்குப் புதிதும் அல்ல. 2007 ஏப்ரலில் வட அமெரிக்காவில் பிளாக்பெர்ரி அஞ்சல் ஒரே இரவில் முடங்கியது. போதுமான அளவு சோதிக்காத ஒரு சிறு மென்பொருள் மாற்றம் அப்போது காரணம். அன்றைக்கும் கைமாற்றம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பின்னாளில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு துணிச்சலான வழியைக் கையாண்டது. ‘கேயாஸ் மங்க்கி’ என்ற நிரலை எழுதி, வேலை நேரத்திலேயே, ஓடிக்கொண்டிருக்கும் தன் சர்வர்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் நிறுத்த விட்டார்கள். காப்பு உண்மையிலேயே தாங்குமா என்பது பொறியாளர்கள் விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும். காப்பை அடிக்கடி உண்மையான சுமையோடு பயன்படுத்திப் பார்த்தால்தான் அது காப்பு என்று நம்பலாம். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி தேக்கத்துக்கு வருவோம். ஒரு மையத்தால் நிமிடத்துக்கு 100 அஞ்சல்களைக் கையாள முடியும் என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண். உண்மையான மையம் இதைவிடப் பல மடங்கு பெரியது. வழக்கமாக நிமிடத்துக்கு 80 வருகிறது. அதாவது 20 கையிருப்புத் திறன். மையம் ஒரு மணி நேரம் நின்றால் 4,800 அஞ்சல்கள் சேர்ந்துவிடும். மையம் மீண்டும் ஓடத் தொடங்கியதும் நிமிடத்துக்கு 100 வீதம் அவற்றைத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். முடியாது. புதிதாக வரும் 80 நிற்கவில்லை. பழையதைக் கரைக்க மிஞ்சுவது அந்த 20தான். 4,800ஐ 20 வீதம் கரைக்க நான்கு மணி நேரம். ஒரு மணி நேரப் பழுதுக்கு நான்கு மணி நேரத் தவிப்பு.

சுமை 90 ஆக இருந்தால்? கையிருப்பு 10தான். ஒரு மணி நேரப் பழுதின் தேக்கம் கரைய ஒன்பது மணி நேரம் ஆகும். சுமை 50 ஆக இருந்தால் ஒரே மணி நேரம். கேட் திறந்த பிறகும் சாலை ஊர்வதன் காரணம் இதுவே: பின்னாலிருந்து வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. மீட்சி எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைப் பழுதின் நீளம் மட்டும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு திறனைச் சும்மா வைத்திருந்தோம் என்பதும் சேர்ந்து முடிவு செய்கிறது. செலவுக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சும்மா இருக்கும் 20 வீணாகத் தெரியும். வீண் என்று அதைக் குறைத்தால், ஒரு நாள் பழுது ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும்.

இந்த வகைக் கணக்குகளுக்கு வரிசைக் கோட்பாடு என்று பெயர். அதைத் தொடங்கிவைத்தவர் டென்மார்க்கின் ஆக்னர் கிராருப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை கம்பித் தடங்கள் இருந்தால் எத்தனை அழைப்புகள் காத்திருக்க நேரும் என்ற நடைமுறைக் கேள்விக்கு விடை தேடி 1909இல் தன் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். தொலைபேசிச் சுமையின் அலகுக்கு இன்று அவர் பெயர்தான். இந்தக் கோட்பாடு சொல்லும் ஒரு செய்தி வியப்பானது. பழுதே இல்லாவிட்டாலும், அஞ்சல்கள் சீராக வராமல் கூடியும் குறைந்தும் வருவதாலேயே வரிசை உண்டாகும். திறனில் பாதி அளவு சுமை இருந்தால் சராசரியாக ஓர் அஞ்சல்தான் மையத்தில் இருக்கும். 80 விழுக்காடு ஆனால் நான்கு. 90 ஆனால் ஒன்பது. 99 ஆனால் தொண்ணூற்றொன்பது. முன்னே தேக்கம் கரைய வந்த எண்களே இங்கேயும் வருகின்றன. இரண்டையும் ஆள்வது ஒரே விகிதம், சுமைக்கும் மிச்சத் திறனுக்கும் உள்ள விகிதம். நிறைவை நெருங்க நெருங்க வரிசை படிப்படியாக நீள்வதில்லை, திடீரென்று பாய்கிறது. அதனால்தான் நேற்றுவரை நன்றாக ஓடிய அமைப்பு இன்று சிறிது சுமை கூடியதும் தாறுமாறாக மந்தமாகிறது.

ஐரோப்பாவின் தேக்கம் அமெரிக்காவைத் தொட்டது எப்படி? நிறுவனத்தின் மென்பொருள் தொழில்நுட்பத் தலைவர் டேவிட் யாக் அதை விளக்கினார். அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய செய்திகள் ஏராளம். அவற்றை ஐரோப்பா வாங்கிக்கொள்ளவில்லை. எனவே அவை புறப்பட்ட இடத்திலேயே குவியத் தொடங்கின. கேட்டில் நிற்கும் வண்டி வரிசை பின்னால் நீண்டு நீண்டு முந்தைய நாற்சந்தியை எட்டிவிட்டால், கேட் பக்கமே போக வேண்டியில்லாத வண்டியும் அங்கே மாட்டிக்கொள்ளும். நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்குப் போக வேண்டிய அஞ்சலுக்கு ஐரோப்பாவோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அது காத்திருக்க வேண்டிய நினைவகத்தை ஐரோப்பாவுக்கான அஞ்சல்கள் நிறைத்துவிட்டன என்றால் அதுவும் நின்றுபோகும். பழுது பயணப்படவில்லை. தேக்கம்தான் பயணப்பட்டது.

அஞ்சலைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்ற எண்ணம் இங்கே எழும். தொலைபேசி அப்படித்தான் செய்கிறது. தடம் இல்லையென்றால் அழைப்பை மறுத்துவிடும், வரிசையே உண்டாகாது. அஞ்சலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தாமதமானாலும் தொலையக்கூடாது என்பது அஞ்சல் கொடுக்கும் வாக்கு. ஓர் ஒப்பந்தமோ மருத்துவ அறிக்கையோ அதில் இருக்கலாம். அந்த வாக்கைக் காப்பாற்றியதற்கு ரிசர்ச் இன் மோஷன் கொடுத்த விலைதான் மூன்று நாள் தேக்கம். நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

கேட் உவமையில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. மூடிய கேட்டின் முன் காத்திருக்கப் பொறுக்காதவர்கள் எதிர்த் தடத்தில் ஏறி முன்னால் போய் நிற்பார்கள். அந்தப் பக்கமும் அதையே செய்வார்கள். கேட் திறந்ததும் இரு பக்கமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கும். சாலையின் அகலம் குறையவில்லை. ஆனால் கடந்துபோகும் வண்டிகளின் எண்ணிக்கை சட்டென்று விழுந்துவிடும். வலையமைப்பில் இதற்கு நெரிசல் சரிவு என்று பெயர் வைக்கலாம். சுமை கூடக்கூட மந்தமாவது ஒரு நிலை. சுமை கூடக்கூட, போய்ச் சேரும் வேலையே குறைவது அடுத்த நிலை. அஞ்சல் போகவில்லை என்று மறுபடி அனுப்புகிறோம். மறுபடி அனுப்பியதும் வரிசையில் சேர்கிறது. முதலாவது போய்ச் சேர்ந்திருந்தாலும் ஒப்புகை தாமதமானதால் இரண்டாவதும் போகிறது. மையத்தின் உழைப்பில் பெரும்பங்கு ஒரே செய்தியின் நகல்களைச் சுமப்பதில் கழிந்துவிடும். முந்தைய கணக்கையே எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 80 என்றிருந்த வரவு, மறுமுயற்சிகளால் 100ஐத் தொட்டுவிட்டால் தேக்கம் என்றைக்குமே கரையாது.

இது வெறும் ஊகம் இல்லை, அளந்து பார்த்த உண்மை. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, ஏறக்குறைய 400 கெஜ தூரத்தில், தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. கம்பியில் எந்தப் பழுதும் இல்லை. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் காரணத்தைத் தேடினார். பதில் தாமதமானதும் கணினிகள் பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி அனுப்பியதே நெரிசலை வளர்த்தது என்று கண்டார். 1988இல் அவர் வெளியிட்ட கட்டுரை இணையத்தின் நடத்தையையே மாற்றியது. பதில் வரவில்லையென்றால் விரைந்து அனுப்பாதே, மெதுவாக அனுப்பு. இன்னும் வரவில்லையா, காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கு. ஒவ்வொரு கணினியும் மற்றவற்றோடு பேசிக்கொள்ளாமலே இப்படி ஒதுங்கினால் நெரிசல் தானாகக் கலைகிறது. இன்று ஒரு காணொளியை நீங்கள் தடையில்லாமல் பார்ப்பதில் அந்த ஒதுங்கிக் காத்திருக்கும் விதிக்குப் பங்கு உண்டு.

கணினிக்கு இந்த விதியைக் கற்பித்துவிட்டோம். மனிதர்களுக்கு யார் சொல்வது? உதவிப் பிரிவினர்தான். பிளாக்பெர்ரி காலத்தில் அவர்கள் கையில் இருந்த முதல் மருந்து பேட்டரியைக் கழற்றி மாட்டுவது. அது பலிக்காவிட்டால் ‘ஹோஸ்ட் ரவுட்டிங் டேபிள்’ என்ற பகுதிக்குப் போய் ‘ரெஜிஸ்டர் நவ்’ என்பதை அழுத்தச் சொல்வார்கள். கைப்பேசி மையத்திடம் தன்னைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். ஒரே ஒரு கைப்பேசியில் கோளாறு என்றால் இவை நல்ல மருந்துகள். ஆனால் பழுது மையத்தில் இருக்கும் நாளில், ஒவ்வொரு பேட்டரியும் கழன்று மாட்டப்படுவது ஏற்கெனவே திணறும் மையத்தின் கதவை இன்னொரு முறை தட்டுவதாகும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தட்டினால் மீட்சி தள்ளிப்போகும். எனவே அந்த நாட்களில் ஓர் உதவிப் பணியாளர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள தொழில்நுட்பச் செயல், ‘பழுது உங்கள் கைப்பேசியில் இல்லை, எதையும் அழுத்தாதீர்கள், அவசரம் என்றால் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், அஞ்சலை மடிக்கணினியில் பாருங்கள்’ என்று முதல் மணி நேரத்திலேயே அலுவலகம் முழுக்கச் சொல்வதுதான். சமாதானப் பேச்சு என்று பலர் நினைக்கும் அந்த வாக்கியம் உண்மையில் சுமைக் கட்டுப்பாடு.

அவர்களுடைய தொலைபேசியும் ஒரு வரிசைதான் என்பதை மறந்துவிடக்கூடாது. அழைப்பு மையங்களில் எத்தனை பேரை அமர்த்துவது என்று இன்றும் எர்லாங்கின் வழியில்தான் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்குக்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஒருவர் அழைப்பதும் இன்னொருவர் அழைப்பதும் தொடர்பில்லாத நிகழ்வுகளாக இருக்க வேண்டும். சாதாரண நாளில் அப்படித்தான். ஒருவருக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும், இன்னொருவருக்கு அச்சுப்பொறி மக்கர் செய்யும். பெரிய பழுதன்று எல்லோரும் ஒரே காரணத்துக்காக ஒரே கால் மணி நேரத்தில் அழைப்பார்கள். காப்பு ஸ்விட்ச்சின் கணக்கு நம்பியிருந்த அதே ‘சாராமை’ இங்கேயும் உடைகிறது. அன்றைக்கு ஆட்களைக் கூட்டினாலும் போதாது. அழைப்பை எடுப்பதற்கு முன்பே செய்தியைச் சொல்லிவிடும் பதிவுக் குரலும், அறிவிப்புப் பலகையும்தான் கைகொடுக்கும்.

சொல்லும் செய்தியில் எப்போது சரியாகும் என்ற நேரத்தைச் சேர்க்க வேண்டும் என்று மேலாளர்கள் வற்புறுத்துவார்கள். அதற்கு விடை, தேக்கம் எவ்வளவு, கையிருப்புத் திறன் எவ்வளவு என்ற இரண்டு எண்களில் இருக்கிறது. இரண்டும் உதவிப் பிரிவினருக்குத் தெரியாது. அவை மையத்தை நடத்துபவரிடம் இருக்கின்றன. தன் சர்வரில் ‘காத்திருப்பவை’ எண்ணிக்கை ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்பதை மட்டும் அவர்கள் பார்க்க முடியும். இறங்கத் தொடங்கினால் அந்த வேகத்தை வைத்து ஒரு நேரத்தைக் கணிக்கலாம். அதற்கு முன் கொடுக்கும் எந்த நேரமும் வெறும் நம்பிக்கைதான். தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலவரம் சொல்கிறவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மீட்சியே பழுதைப் பரப்பிய நிகழ்ச்சியும் உண்டு. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலை ஒன்பது மணி நேரம் முடங்கியது. நியூயார்க்கில் ஒரு ஸ்விட்ச் சிறு கோளாறால் தன்னை நிறுத்திக்கொண்டு சில நொடிகளில் மீண்டது. மீண்டதும் அண்டை ஸ்விட்ச்சுகளுக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்தி வந்த விதம் அண்டை ஸ்விட்ச்சின் நிரலில் இருந்த ஒரு பிழையைத் தூண்ட, அதுவும் தன்னை நிறுத்தி மீண்டது. மீண்டதும் அதுவும் செய்தி அனுப்பியது. 114 ஸ்விட்ச்சுகளிலும் ஒரே மென்பொருள், முந்தைய டிசம்பரில்தான் புதுப்பித்தது. பிழை, சி மொழி நிரலில் ‘பிரேக்’ என்ற ஒரு கட்டளை இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. இரவு பதினொன்றரை வாக்கில் அழைப்புகள் ஓய்ந்து சுமை குறைந்த பிறகே வலை நிலைகொண்டது. காப்பாக ஒன்றுக்கொன்று துணை நிற்க வேண்டிய 114 கருவிகள், ஒரே மாதிரி இருந்ததாலேயே ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்டிருந்தன.

அதனால்தான் பெரிய அமைப்புகளை மீண்டும் ஓட்டும்போது முழுதாகத் திறந்துவிடுவதில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் மறைந்தன. கோளாறைச் சரிசெய்த பிறகும் பொறியாளர்கள் சேவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுமை ஒரேயடியாகத் திரும்பினால் அமைப்பு மறுபடி விழும் என்ற அச்சம்தான். தரவு மையங்களின் மின்நுகர்வுகூடப் பல்லாயிரம் கிலோவாட் இறங்கியிருந்தது, அது சட்டென்று ஏறினால் மின் அமைப்புகளே பாதிக்கப்படலாம்.

பிளாக்பெர்ரியின் பழைய மையச் சேவைகளை 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தினார்கள். அவற்றை நம்பியிருந்த பழைய கைப்பேசிகளில் தரவு மட்டுமல்ல, அழைப்பும் எஸ்.எம்.எஸ்.சும்கூட உறுதியில்லை என்று நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்தது. ஆனால் நடுவில் ஒரு மையம் என்ற அமைப்பு போய்விடவில்லை. இன்றைய கைப்பேசிகளில் ஆப்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தங்கள் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்காது என்ற பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. ஆப்பிள் 2009 முதல் தன் அறிவிப்பு மையத்தை நடத்துகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு கூகுள் அதேபோல ஒன்றை நடத்துகிறது. பெரும்பாலான ஆப்களின் ‘புதுச் செய்தி’ அறிவிப்பு இவற்றில் ஒன்றின் வழியாகவே வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு. பிளாக்பெர்ரியில் அஞ்சலே மையத்தின் வழியாக வந்தது. இன்று ‘ஏதோ வந்திருக்கிறது’ என்ற தட்டல் மட்டும்தான் பல ஆப்களில் அந்த வழியாக வருகிறது. செய்தியை ஆப் நேராகத் தன் சர்வரிடம் போய் எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்றைய உதவிப் பணியாளர் கேட்கும் முதல் கேள்வி வேறு: அறிவிப்பு வரவில்லையா, அல்லது ஆப்பைத் திறந்தாலும் அஞ்சல் இல்லையா? திறந்ததும் அஞ்சல் இருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதேபோல் அறிவிப்பு மட்டும் வரவில்லை என்றால், அவர் தன் சர்வரைத் தொடாமல் அறிவிப்பு மையத்தின் நிலவரப் பக்கத்தைத் திறப்பார்.